வாடைக்காலத்து மணம்

பாரிஸ் நகரில் வாழும் மாமியொருத்தி தன் மருமகனுக்கு ஒரு சிறு போத்தல் வாசனைத் திரவியம் அனுப்பினாள். கூடவே ஓர் எச்சரிக்கையும் அனுப்பினாள். “இது குளிருக்குப் பூசுவது, வெயிலில் பூசாதே” என்பது அவ்வெச்சரிக்கை. மருமகன் வெள்ளவத்தையில் வசிப்பவன். கொழும்புக்குக் குளிர்காலம் எந்நாளில் வந்தது? போத்தல் ஓராண்டுக்கு மேலாக அலுமாரியிற் கிடந்தது. அவன் இரசாயனம் பயிலப் பேராதனைக்குச் சென்ற பின்னரே அதற்கு வேளை பிறந்தது. மகாவலிப் பள்ளத்தாக்கிலே மார்கழியும் தையும் விடியற்காலைகளில் மூட்டம் இறங்கும் மாதங்கள். 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அத்தகைய ஒரு காலையில், அவன் அப்போத்தலை முதன்முறையாகத் திறந்தான்.

எழுந்த மணம் பூவின் மணமன்று, சந்தனத்தினதும் அன்று. வறுத்த கச்சானைச் சீனிப்பாகிலே புரட்டி, பாகைச் சற்றே கருகவிட்டு, மேலே வனிலாவும் கொக்கோவும் தூவினாற் போன்றதொரு மணம். விடுதித் தாழ்வாரத்தில் நின்றோர் உடனே இரு பிரிவாயினர். சிலர் அருகே வந்து மூக்கை நீட்டினர். வேறு சிலர், உண்பதற்குரியதை உடம்பிற் பூசுவது என்ன நாகரிகம் என்று விலகினர். ஒருவன் தனக்குத் தலையிடி வந்துவிட்டதாகவே கூறினான். நடுநிலை வகித்தவர் எவரும் இலர்.

இவ்வகை மணம் மேனாட்டில் இத்தகைய பிளவை உண்டாக்கியே புகழ்பெற்றது. உணவின் மணங்கள் வாசனைத் தொழிலுட் புகுந்தது பழைய செய்திதான். 1874இல் ஜேர்மானிய அறிஞர் தீமானும் ஹார்மனும் வனிலாவின் மணப்பொருளைச் செயற்கையாக ஆக்கினர்; பாரிஸின் கெர்லான் நிறுவனம் 1889இல் அதனைத் தன் ‘ஜிக்கி’ என்னும் திரவியத்திற் சேர்த்தது. ஆயினும் அங்கெல்லாம் இனிப்பு ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. 1992இல் வெளிவந்த தியரி முக்லரின் ‘ஏஞ்சல்’ அதனை நடு முற்றத்துக்குக் கொண்டுவந்தது. முக்லர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிற் பிறந்தவர். சிறுவயதிற் கண்ட சந்தைத் திருவிழாவின் பஞ்சுமிட்டாய் மணத்தை ஒரு போத்தலில் அடைக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஒலிவியே கிறெஸ்ப் என்னும் வாசனைக் கலைஞர் எதைல் மோல்ற்றோல் என்ற பொருளை முன்னெப்போதும் இல்லாத அளவிற் சேர்த்து, அதன் இனிப்பைப் பச்சிலையின் மண்சார்ந்த காரத்தோடு மோதவிட்டு, அவ்விருப்பத்தை நிறைவேற்றினார். அதனைப் போற்றியோர் தொகை பெரிது. அருவருத்தோர் தொகையும் சிறிதன்று. வெள்ளவத்தை மாணவனின் போத்தலும் அக்குலத்திற் பிறந்ததே.

குளிருக்கென்று தனி மணம் ஏன் என்ற கேள்விக்கு விடை எளியது. வெப்பம் மிகுமிடத்து மணத்துகள்கள் விரைந்து ஆவியாகும். பாகும் பருப்பும் போன்ற கனத்த மணங்கள் வெயிலிலே அளவிறந்து பொங்கித் திகட்டும். குளிரிலோ தோலை ஒட்டியிருந்து சிறிது சிறிதாக அவிழும். மாமியின் எச்சரிக்கையிற் பொருள் இருந்தது.

அறையிலே அவனோடு உறைந்தோர் இருவர். ஒருவன் மன்னார்த் தீவின் பேசாலையைச் சேர்ந்தவன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன். மற்றவன் புவியியல் மாணவன். எந்த ஊர் என்று எவர் கேட்டாலும் அவன் எருக்கலம்பிட்டி என்றே சொல்லுவான். எருக்கலம்பிட்டியும் அத்தீவிலுள்ள ஊர்தான், பேசாலைக்கு வெகுதூரமன்று. ஆயினும் அவன் வளர்ந்தது புத்தளத்தில். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, 70,000க்கு மேற்பட்டோர் சில நாள்களுக்குள் வீடுவாசல்களை இழந்தனர். மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியே கற்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வள்ளங்களுள் ஒன்றிலே அவன் எட்டு மாதக் குழந்தையாக உம்மாவின் மடியிற் கிடந்தான். எனவே அவன் வாய் சொல்லும் ஊர் ஒன்று. கால் நடந்து பழகிய ஊர் வேறு.

அவனிடத்தும் ஒரு மணம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்குப் புறப்படுமுன் வாப்பா கொடுத்த அத்தரில் ஒரு சொட்டை மணிக்கட்டிற் பூசுவான். வட இந்தியாவின் கன்னோசி போன்ற அத்தர் நகரங்களில், வேனிலுக்கு வெட்டிவேரும் தாழையும், குளிருக்கு ஹினாவும் ஷமாமாவும் எனப் பருவம் பார்த்துப் பூசும் வழக்கம் உண்டு. அவனுடைய அத்தர் குளிர்வகையைச் சேர்ந்தது; கனத்தது; ஆனால் புத்தளத்து வெயிலிலும் அவன் அதனையே பூசிவந்தான். பேசாலையான் முதல் மாதம் வெள்ளிக்கிழமைதோறும் யன்னலருகே போயிருந்தான். பின்னர் பழகிவிட்டது.

தை மாதத்து விடுமுறையொன்று கழிந்து பேசாலையான் ஊரிலிருந்து திரும்பினான். அவனுடைய அம்மா ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையப் பாணிப்பினாட்டு கொடுத்துவிட்டிருந்தாள். மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை என்று பஸ்வண்டி குலுக்கிய குலுக்கலிற் போத்தலின் மூடி நெகிழ்ந்தது. அறைக்கு வந்து பையைத் திறந்தபோது, இரு மேற்சட்டைகளும் ஒரு கம்பளிப் போர்வையும் நெடுநல்வாடை உரைப்புத்தகமும் பாணியில் ஊறிக் கிடந்தன. பாணியோ எளிதிற் கழுவி அகற்றத்தக்க பொருளன்று. அறை முழுவதும் அம்மணம் ஏறியது. ஒரு திங்களுக்கு இறங்கவில்லை.

பினாட்டைக் காணாதவர்க்காக அது ஆகும் முறையைச் சற்று விரித்துக் கூறவேண்டும். ஆடி ஆவணியிலே தீவின் பனந்தோப்புகளில் பழம் பழுக்கும். இரவில் ‘தொம்’ என்று விழும் ஓசைக்கு நாய்கள் குரைக்கும். விடியுமுன் சிறுவர்கள் கடகத்தோடு ஓடுவர். பிந்தினால் மாடுகள் சூப்பிவிடும். அந்நாள்களிற் காற்றே பனம்பழமாக நாறும். பழத்தை அனலில் வாட்டித் தோலை உரித்து, நாரோடு கூடிய சதையை நீர் தெளித்துப் பிசைந்து பிசைந்து களியெடுப்பர். செம்மஞ்சள் நிறமான அக்களியிலே இனிப்போடு ஒரு கசப்பும் கலந்திருக்கும். இலங்கையிலே பேராசிரியர் ஜான்ஸ் முதலானோர் ஆராய்ந்த பிளபெலிபெரின் என்னும் சபோனின் வகைப் பொருள்களே அக்கசப்புக்குக் காரணம். களியை ஓலைப்பாயில் மெல்லியதாக ஊற்றி வெயிலிற் காயவிடுவர். காய்ந்த படையின்மேல் மறுநாள் இன்னொரு படை, அதன்மேல் இன்னொன்று. இவ்வாறு பல நாள் ஊற்றிக் காய்ந்து, தோல்போலத் தடித்ததைப் பாயிலிருந்து உரித்தெடுத்தால் அதுவே பினாட்டு. பேசாலை வீட்டில் அதனைச் சுருட்டி அடுக்களையின் பரணிலே, அடுப்புப் புகை படுமிடத்தில் வைப்பது வழக்கம். மாரி பிறந்து கடல் கொந்தளித்து, வாடைக்காற்று முற்றத்து மணலை வாரி வீசும் நாள்களில், பரணிலிருந்து இறக்கித் துண்டு துண்டாக வெட்டி, காய்ச்சிய பனம்பாணியில் ஊறவிட்டு, வறுத்த எள்ளும் மிளகும் சேர்ப்பாள் அவ்வன்னை. வெயில், புகை, பாகு, வறுத்த வித்து ஆகிய நான்கும் அப்போத்தலுள் அடைபட்டிருந்தன.

வெள்ளவத்தையான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தான். குளிர்காற்று உள்ளே வந்தது. மணம் வெளியே போகவில்லை. புளித்த பழமும் எரிந்த கயிறும் சேர்ந்தாற் போல நாறுகிறது என்றான். பேசாலையானுக்குச் சினம் ஏறியது. “உன்ரை பாரிஸ் சென்ற்றும் இதுவும் ஒரே வாசம்தானே! அது போத்தலிலை வந்தால் வாசனை, இது போத்தலிலை வந்தால் நாற்றமோ?” என்றான். வாதத்திற் சொன்ன சொல்தான். ஆயினும் வெள்ளவத்தையானை அது தைத்தது. தன் மணத்தைப் பிறர் பழித்ததைக்கூட அவன் பொறுத்திருந்தான்; அதனைப் பினாட்டுக்கு உறவாக்கியதைப் பொறுக்க இயலவில்லை.

நாற்றம் என்ற சொல் அன்று அறையில் வசையாகவே பயன்பட்டது. பண்டைத் தமிழில் அது வசையன்று. பூவும் நாறும், சந்தனமும் நாறும். நாற்றம் என்பது மூக்கறி புலன் அனைத்துக்கும் பொதுப்பெயர், பெரும்பாலும் நன்மணத்துக்கே உரிய பெயர். காலப்போக்கில் அது கீழிறங்கியது. வாடை என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. வடக்கிலிருந்து வருங்காற்று வாடை. மீனுக்கும் கருவாட்டுக்கும் உரிய கெட்ட மணமும் வாடை. பேசாலைக் கடற்கரையிலே கருவாடு காயும் பந்தல்களைக் கடந்து வாடைக்காற்று வீசும்போது இரு பொருளும் ஒருங்கே வந்து சேரும். (கச்சான் என்பது வறுத்துத் தின்னும் கடலைக்கும் மேற்கிலிருந்து வருங்காற்றுக்கும் ஒருங்கே பெயராய் அமைந்ததையும் இவ்விடத்து நினைத்துக்கொள்ளலாம்.) பனங்கட்டி மணக்கும் என்பவர்களே பனம்பழம் நாறும் என்பதையும் கேட்கலாம். இரண்டும் ஒரே மரத்திலிருந்து வருவன.

இரசாயன மாணவனை அவ்வசை சும்மா இருக்கவிடவில்லை. நூலகத்திற் சில நாள் தேடினான். தேடியது தன் கட்சியை நிறுவுதற்காக. கிடைத்தது எதிர்க்கட்சிக்கான சான்று. சீனியைச் சூடேற்றிக் கருக்கும்போது தோன்றும் பொருள்களுள் ஒன்று மோல்ற்றோல்; வறுத்த முளைத்தானியத்திலும் அது உண்டு. அதற்கு மிக நெருங்கிய செயற்கை உறவே வாசனைத் தொழிலின் எதைல் மோல்ற்றோல், மணவலிமை பன்மடங்கு. இனி, வறுத்த கொட்டையின் மணத்துக்கு முதன்மையான காரணம் பைரசீன்கள் எனப்படும் பொருள்கள். வெல்லப்பொருளும் அமினோ அமிலமும் சூட்டிலே கலந்து புரியும் தாக்கத்தை 1912இல் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர் விவரித்தார். பாணின் மேற்றோலும், வறுத்த கோப்பியும், வறுத்த எள்ளும், நெடுநேரம் காய்ந்த பனம்பாணியும் தத்தம் மணத்தை அத்தாக்கத்தினாற் பெறுவன. ஆகவே பாரிஸ் போத்தலுக்கும் ஹோர்லிக்ஸ் போத்தலுக்கும் இடையே உறவு இல்லையென்று சொல்ல வழியில்லை. அவன் நேர்மையானவன், கண்டதை அறையில் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட பின்னரும் தன் கட்டிலை யன்னலோரமாக நகர்த்திக்கொண்டான். உறவு முறையை அறிந்ததனால் மூக்கு இணங்கிவிடுவதில்லை.

இங்கே ஒன்று கேட்கத் தோன்றும். ஒரே பொருள் இருவர் மூக்கில் இரண்டாக மணப்பது எங்ஙனம்? மணத்தை ஏற்கும் புரதங்களை ஆக்கும் மரபணுக்களின் பெருங்குடும்பத்தை லிண்டா பக்கும் றிச்சர்ட் அக்செலும் 1991இற் கண்டறிந்தனர். 2004இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடத்துச் செயற்படும் அத்தகைய ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. அவை எல்லோரிடத்தும் ஒரே வடிவில் இருப்பதில்லை. அன்ட்றொஸ்ரெனோன் என்னும் பொருளைச் சிலர் சிறுநீர் என முகஞ்சுளிப்பர், சிலர் வனிலாவை ஒத்த இனிமை என்பர், சிலருக்கு அது மணப்பதேயில்லை. தனியொரு மரபணுவின் வேறுபாட்டுக்கும் இதற்கும் தொடர்புண்டு என்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மதுரைச் சங்கத்திலே மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்று இறையனாருக்கும் நக்கீரருக்கும் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் வழக்கையும் இவ்வகையில் தீர்த்துவைத்திருக்கலாம் போலும். இருவரும் தத்தம் மூக்கையே சான்றாகக் கொண்டனர், மூக்கு இரண்டு.

ஆனால் மரபணு எல்லாவற்றையும் விளக்கிவிடாது. பேசாலையானின் மூக்கும் எருக்கலம்பிட்டியானின் மூக்கும் பிறந்தது ஒரே தீவில். அவர்தம் பாட்டன்மார் ஒரே தோப்புப் பனையின் நுங்கைக் குடித்திருக்கவும் கூடும். வேறுபட்டது என்ன என்பதை அவ்வறையில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியே காட்டிற்று.

பை திறந்த அன்று எருக்கலம்பிட்டியான் யன்னற் பக்கம் போகவில்லை. மூக்கையும் பொத்தவில்லை. போத்தலில் எஞ்சியிருந்ததிலிருந்து ஒரு துண்டை வாங்கி வாயிலிட்டு மென்றான். பேசாலையான் அவனைத் தன் கட்சியென்று கொண்டான், “பார், தீவான் ஆருக்குப் பிடிக்காமல் போகும்?” என்று வெள்ளவத்தையானை நோக்கி வெற்றிச் சிரிப்புச் சிரித்தான். எருக்கலம்பிட்டியானும் சிரித்தான். அன்றிரவு அவன் உறங்கவில்லை. அந்த மணம் அவனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதினும் கூடுதலாக, குமட்டியது. அதனை அவன் எவரிடமும் சொல்லத் துணியவில்லை.

அவனுடைய அச்சம் விளங்கத்தக்கதே. புத்தளத்து வீட்டிலே, ஓலைவேலிக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு மாறிய இருபதாண்டுக் காலத்தில், உம்மா வாயிலிருந்து அவன் கேட்டு வளர்ந்த ஊர் ஒன்று உண்டு. அவ்வூரிலே ஆவணி மாதத்தில் பனம்பழம் மணக்கும். அயல்வீட்டுப் பெண்கள் கூடியிருந்து களி பிசைவர். முழங்கை வரை மஞ்சளாகும். அம்மணம் கையிலிருந்து போகச் சில நாள் செல்லும். போவதை ஒருவரும் விரும்புவதுமில்லை. உம்மா அதனை அத்தருக்கு மேலாக வைத்துப் பேசுவாள். மகனும் அதனை அத்தருக்கு மேலாகவே மனத்திற் கட்டிவைத்திருந்தான். ஊர் எதுவெனக் கேட்கும்போது எருக்கலம்பிட்டி என்று சொல்வதற்கு அவனிடம் இருந்த உரிமைப் பத்திரங்கள் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. இப்போது அப்பத்திரம் கையில் வந்தது. வாசித்துப் பார்க்க அவனால் முடியவில்லை. வெள்ளவத்தையான் “நாறுகிறது” என்று உரக்கச் சொல்லலாம், அவனுக்கு இழப்பொன்றுமில்லை. எருக்கலம்பிட்டியான் சொன்னால் என்னாகும்? தென்னையும் உப்பளமும் சூழ்ந்த வேறொரு நிலம் தன்னை வளர்த்துவிட்டது என்பதைத் தன் மூக்காலேயே ஒப்புக்கொண்டதாகும்.

பேசாலையானின் குடும்பமும் அலையாததன்று. அவர்களும் 1990இல் வள்ளமேறி மண்டபம் முகாமிற் சில ஆண்டு இருந்து மீண்டவர்களே. ஆனால் மீண்டபோது அவர்களுக்குப் பரண் இருந்தது, அடுப்பு இருந்தது, பழம் விழும் தோப்பும் நின்றது. குழந்தைக்கு அந்த மணம் சோற்றோடு சேர்ந்து ஊட்டப்பட்டது. எருக்கலம்பிட்டிக் குழந்தைக்கு அது சொல்லாக மட்டும் ஊட்டப்பட்டது. முக்லருக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கின் சந்தை மணம் இனித்தது, அவர் சிறுவனாக அச்சந்தையில் நின்றமையினாலே அன்றோ? அச்சந்தையைப் பிறர் விவரிக்கக் கேட்டு மட்டும் வளர்ந்திருந்தால் அவர் அப்போத்தலை ஆக்கியிருப்பாரா என்பது ஐயம்.

அவ்வாரத்தில் தமிழ் வகுப்பிலே நெடுநல்வாடை நடந்தது. பேசாலையான் பாணிக்கறை படிந்த புத்தகத்தை விரித்தான். ஏடுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. பாடம் கூதிர்க்காலத்து நகர வருணனை. குளிர் மிகுந்தமையாற் சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. மகளிர் மாலை சூடுவதை விட்டுச் சில பூவே முடிக்கின்றனர். தகர விறகில் நெருப்பமைத்து, அகிலோடு வெள்ளயிரையும் இட்டுப் புகையெழுப்புகின்றனர். அயிர் என்பதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கண்டசருக்கரை எனப் பொருள் கொள்வர். அகிற்கட்டையோடு சருக்கரையைச் சேர்த்து எரித்தல்! கருகிய இனிப்பும் மரத்தின் காரமும் கலந்த, குளிருக்கென்றே அமைந்த வெம்மணம். பாரிஸ் 1992இற் கண்டதைப் பாண்டி நாட்டு மாதர் அன்றே அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவது எளிது. பேசாலையான் அன்று மாலை அறையில் அதனைத்தான் செய்தான். அதனாற் பயன் இல்லை. அப்பாட்டிலே கருதத்தக்கது வேறு. வேனிலில் உயிரனைய சந்தனம் கூதிரிலே தீண்டப்படாமற் கிடக்கிறது. அதே கல், அதே சந்தனம், பூசுவோரும் அவரே. பருவம் மட்டும் மாறிவிட்டது. நக்கீரனார் சந்தனத்தைக் குறைகூறவில்லை, அகிலைப் புகழவுமில்லை. கல் கிடப்பதைக் காட்டிவிட்டு அப்பாற் செல்கிறார்.

எருக்கலம்பிட்டியான் தன் நண்பன் மார்தட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, எதிர்பாராத வகையில், தனக்குப் பினாட்டு பிடிக்கவில்லை என்று சொன்னான். குரல் உயரவில்லை. பேசாலையான் முதலில் நம்பவில்லை. நம்பியபோது என்ன சொல்வதென்று அறியாமல் நின்றான். கட்சி ஒன்று உடைந்த வருத்தமல்ல அது. அவனுக்கும் 1990 என்றால் என்னவென்று தெரியும். பேசாலையில் எவரும் அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. எருக்கலம்பிட்டி வீதியில் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடுகளைத் தாண்டி அவன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான். அன்றிரவு அவன் போத்தலில் எஞ்சிய பினாட்டை வேறொரு போத்தலுக்கு மாற்றி, மூடியை இறுக்கி, மெழுகுதிரியை உருக்கி ஊற்றி அடைத்தான். “உம்மாவுக்குக் கொண்டுபோ” என்றான். வெள்ளவத்தையான் எழுந்து வந்து, மெழுகு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தன் கையாற் சோதித்துப் பார்த்தான். அது பண்பினாலா, தன் உடைகளைக் காக்கும் கருத்தினாலா என்பதை அவனே அறிவான்.

மாசி மாதத்து முதல் வார இறுதியில் எருக்கலம்பிட்டியான் புத்தளம் சென்றான். மெழுகு உடையவில்லை. அடுக்களையிலே உம்மா கத்திமுனையால் மூடியைக் கிளப்பினாள். மணம் எழுந்தது. மகன் சற்றுத் தள்ளி, வாசற்படியில் நின்றான். உம்மா அழுவாள் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தவன் அவன். அழுதால் தான் என்ன செய்வது என்றும் எண்ணியிருந்தான். உம்மா அழவில்லை. ஒரு துண்டை எடுத்து ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், மோந்தாள், ஓரத்தைக் கடித்தாள்.

“எள்ளைக் கூட வறுத்துட்டாங்க” என்றாள். பின், இன்னும் சற்று மென்றுவிட்டு, “களி நல்லம். ஆனா பாயில ஊத்தக்குள்ள தடிப்பா ஊத்தியிருக்காங்க. பேசாலையில எப்பவும் இப்பிடித்தான், அவசரம்” என்றாள்.

இரண்டாவது துண்டை எடுத்து மகனிடம் நீட்டினாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு வாங்கி வாயிலிட்டான். உம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் கசப்பு மருந்து குடிக்கும்போது பார்க்கும் பார்வை அது.

“பிடிக்கல்லண்டா துப்பிடுங்க மகன்” என்றாள். “எனக்கு மிச்சம்.”

அவன் துப்பவில்லை, விழுங்கினான். ஆனால் அடுத்த துண்டைக் கேட்கவுமில்லை. உம்மா போத்தலை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, பாயை விரித்து உட்கார்ந்து, பேசாலையில் எந்த வீட்டார், தோப்பு எந்தப் பக்கம், அவர்களுடைய கிணற்றுத் தண்ணீர் இப்போதும் உப்புத்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.